காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொது மருத்துவரைத் தேடுவது எப்படி? காரைக்குடி வட்டாரத்துக்காரர்களுக்குப் படிப்படியாக

போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு ஆச்சிக்குக் கால் வீங்கிவிட்டது. முறுக்கும் சீப்புச் சீடையும் சுட்டு விற்பவர். நாள் முழுக்க அடுப்படியில் நிற்பதால் வந்த வீக்கம் என்று பத்து நாள் தள்ளிப்போட்டார். அப்புறம் படுத்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு என்று வாசலில் போர்டு வைத்திருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சீட்டுப் போட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ரத்தம், இசிஜி எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் பில் போடும் இடத்தில் சொன்னார்கள்: "இங்க எலும்பு ஆபரேஷனுக்கு மட்டும்தாம்மா கார்டு." ஆச்சி ஒன்றும் பேசவில்லை. மஞ்சப்பையிலிருந்து எடுத்த அட்டையை மடியில் வைத்து, பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கேள்வி உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த டாக்டர் வேண்டும்?

நாம் 'சுகர் டாக்டர்', 'ஹார்ட் டாக்டர்' என்று பழகிவிட்டோம். விடாத காய்ச்சல், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு, கால் வீக்கம், காரணம் தெரியாத எடைக்குறைவு, இவை எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியவர் பொது மருத்துவர்தான். பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ். என்பதற்குப் பிறகு எம்.டி. என்று போட்டு, 'பொது மருத்துவம்' அல்லது 'ஜெனரல் மெடிசின்' என்று இருக்கும். வெறும் எம்.டி.யை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மயக்க மருந்து, தோல், குழந்தை நலம் என்று பல துறைகளுக்கும் எம்.டி. உண்டு. எம்.டி.க்கு இணையான டி.என்.பி. படிப்பு, பொது மருத்துவம் என்று இருந்தாலும் சரிதான்.

மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ இந்தப் படிகளையெல்லாம் விட்டுவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் காப்பீடு எது?

பொதுக் காப்பீடு என்பது ஒன்றல்ல. நம் பக்கம் அதிகம் பேரிடம் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இந்தப் பெயருக்கு வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.

மில்லிலோ கம்பெனியிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கலாம். அதில் வெளி நோயாளிச் சிகிச்சையும் மாத்திரையும் உண்டு. உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் தொடங்க வேண்டும். அரசு ஊழியர், ஓய்வூதியர் காப்பீடு தனி. அதற்கு மருத்துவமனைப் பட்டியலும் தனி. இனி நான் சொல்வது முதலமைச்சர் திட்டத்தைப் பற்றி.

அட்டையை எடுத்து, நோயாளியின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இது குடும்பத்துக்கான அட்டை. ரேஷன் கடைக்குக் கொண்டுபோகும் குடும்ப அட்டையில் பெயர் விட்டுப்போயிருந்தால் இங்கேயும் சிக்கல் வரும். அட்டையே இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு சிவகங்கை அல்லது புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள்.

மூன்றாம் படி: அட்டை எதற்குப் பணம் கட்டும்?

பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த அட்டை மருத்துவமனையில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கானது. அதிலும் திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். அதோடு சில பரிசோதனைகளும் உண்டு. ஒரு மாலை நேரம் கிளினிக்குக்குப் போய், டாக்டரைப் பார்த்து, மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வருவதற்கு அட்டை செல்லாது. எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் ஃபீஸ் நம் கையிலிருந்துதான்.

அப்படியென்றால் மாதாமாதம் பார்ப்பதற்கு என்ன செய்வது? அரசு மருத்துவமனைதான். அங்கே டாக்டரைப் பார்க்கவும் மாத்திரைக்கும் அட்டையே தேவையில்லை. காரைக்குடியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கையில் 2012-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, புதுக்கோட்டையில் 2017-இல். மருத்துவக் கல்லூரி என்றால் பொது மருத்துவம் தனித் துறையாகவே இருக்கும், பேராசிரியர்களே வந்து பார்ப்பார்கள். பொன்னமராவதி, திருமயம், அரிமளம் பக்கத்துக்காரர்கள் சிவகங்கைக்கு அலைய வேண்டாம், புதுக்கோட்டை பக்கம். ஆனால் ஊருக்குள் இருக்கும் ராணியார் மருத்துவமனையில் இறங்கிவிடாதீர்கள். அது பிள்ளைப்பேறுக்கும் குழந்தைகளுக்கும். பொது மருத்துவம் முள்ளூரில் இருக்கும் மருத்துவக் கல்லூரியில்.

இன்னொன்று. அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். "இங்கதான் எல்லாம் ஃப்ரீயாச்சே" என்று பலர் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நம் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும். நம்மூர் மருத்துவமனைக்குக் கிடைக்க வேண்டிய பணத்தை நாம் ஏன் விட வேண்டும்?

நான்காம் படி: பட்டியலில் தேடுங்கள்

தனியாரில் சேர வேண்டியிருந்தால் திட்டத்தின் இணையதளத்தில் மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. மாவட்டத்தையும் துறையையும் வைத்துப் பாருங்கள். டாக்டர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். திட்டத்தில் சேர்வது மருத்துவமனை. அதுவும் துறை துறையாகத்தான் சேர்கிறது. ஒரே கட்டடத்தில் எலும்புக்கு அட்டை செல்லும், காய்ச்சலுக்குச் செல்லாது. ஆச்சிக்கு நடந்தது இதுதான்.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சிவகங்கையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் புதுக்கோட்டையையும் பாருங்கள், தேவைப்பட்டால் மதுரையையும். தமிழ்நாட்டில் அந்தத் துறைக்குத் திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் அட்டை செல்லும். இணையம் கைவராதவர்கள் 1800 425 3993-க்குப் போன் போட்டுக் கேட்கலாம், கட்டணம் இல்லை.

ஐந்தாம் படி: புறப்படும் முன் ஒரு போன்

பட்டியலில் இருந்தாலும் மருத்துவமனைக்கு நேரடியாகப் பேசிவிடுங்கள். "கார்டு எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் "எடுப்போம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

"முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பொது மருத்துவத்துக்கு உங்க ஆஸ்பத்திரி இருக்கா? எம்.டி. டாக்டர் எந்த நாள், எத்தனை மணிக்கு இருப்பார்? அட்மிட் பண்ணச் சொன்னா, காப்பீட்டுப் பிரிவுல யாரைப் பார்க்கணும்?"

முதல் கேள்விக்குத் தயங்கினால் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள். வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்குப் பல நேரம் துறை விவரம் தெரிந்திருக்காது.

ஆறாம் படி: கையோடு எடுத்துப் போக வேண்டியவை

காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, நோயாளியின் ஆதார். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், தினமும் போடும் மாத்திரை அட்டைகள். மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையையே கொண்டுபோவது நல்லது, மில்லிகிராம் தப்பாது. அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஏழாம் படி: சேரச் சொன்னால்

அவசரமில்லாத சிகிச்சைக்கு மருத்துவமனை முன் அனுமதி வாங்கும். அனுமதி வந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வந்த பிறகு, அதே சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் "எதற்கு?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்ட வேண்டி வந்தால் ரசீது வாங்காமல் கட்டாதீர்கள். அதை வைத்துத்தான் 1800 425 3993-இல் புகார் சொல்ல முடியும். வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் வந்த பிறகு மாத்திரைக்காக அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

ஆச்சியை மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பொது மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. உடனே வார்டில் சேர்த்தார்கள். இந்த முறை அட்டை செல்லாது என்று யாரும் சொல்லவில்லை, எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் ஆச்சி வீட்டுக்கு வந்தார். இப்போது உப்பைக் குறைத்துக்கொண்டு, அடுப்படியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தபடிதான் முறுக்குப் பிழிகிறார்.