சனிக்கிழமை மாலை பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

வெளிநாட்டில் கிறிஸ்தவ ஊழியம் செய்பவர்களைச் சோர்வாக்குவது வெயிலும் பாஷையும் மட்டுமல்ல; பல சமயம் பக்கத்து அறையில் இருக்கும் சக ஊழியர்தான். 1800-இல் வங்காளத்தில் உள்ள செராம்பூரில், இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு முதலானோர் ஒரே வீட்டில், பொதுப் பணத்தில் வாழத் தொடங்கியபோது இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை கூடி, அந்த வாரத்து மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்குக் கசப்போடு போகவேண்டியதில்லை பாருங்கள்.

உங்கள் குழுவிலும் செய்து பாருங்கள். டீ போட்டு வையுங்கள், அரை மணி நேரம் போதும். முதலில் நன்றி. "நல்லா ஊழியம் செய்றீங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒட்டாது. "விசா ஆபீஸ்ல எனக்காக வரிசையில நின்னீங்களே அண்ணா" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அப்புறம் குறைகள். பெரும்பாலும் சமையல், வாடகை, வண்டிச் சாவி மாதிரி சின்ன விஷயம்தான் புகைந்துகொண்டிருக்கும்.

செராம்பூரில் வீட்டுப் பொறுப்பை மாதம் ஒருவர் பார்த்தார்கள். அதுபோல இந்தக் கூடுகையையும் முறை வைத்து நடத்துங்கள். எப்போதும் மூத்தவரே நடத்தினால் இளையவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். பண மோசடி, அத்துமீறல் போன்றவை மட்டும் வேறு. அவற்றுக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்காமல், அனுப்பிய சபைக்கு உடனே சொல்லிவிடுங்கள்.