நெட்வொர்க் பூட் நின்றால் சர்வரைக் கலைத்துப் போடாதீர்கள்

நாற்பது கணினிகளை நெட்வொர்க் வழியாகவே பூட் செய்து இயங்குதளம் நிறுவ வேண்டும். முதல் கணினியே கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. உடனே பூட் சர்வரில் இருக்கும் சேவையை நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள் பலர். ஒரு முழு நாள் அதிலேயே போய்விடும். கோளாறோ வேறெங்கோ அப்படியே இருக்கும்.

திரையில் வரும் பிழை எண்ணைப் படிக்காமல் விடுவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. பிஎக்ஸ்இ எனும் இந்த நெட்வொர்க் பூட் முறையில் கணினி முதலில், முகவரி வழங்கும் சேவையான டிஎச்சிபியிடம் ஐபி முகவரி கேட்கிறது. பிறகு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாகப் பூட் கோப்பை இறக்குகிறது. அதன்பின் நிறுவல் சூழல் நினைவகத்தில் ஏறுகிறது. பயாஸ் எனும் பழைய தொடக்க மென்பொருள் கொண்ட கணினிகளில் இ51 என்று வந்தால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்துவிட்டது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி பதில் தரவில்லை. அந்த வரி சட்டென்று மறைந்துவிடும் என்பதால் கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள்.

டிஎச்சிபி சரியாக இருந்தும் இ51 வருகிறதா? ஸ்விட்சைப் பாருங்கள். கேபிள் இணைப்பு வந்த உடனே, நெட்வொர்க்கில் சுழற்சி உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ அந்தப் போர்ட்டைத் திறந்துவிடாது. வழக்கமான அமைப்பில் 15 விநாடி கவனிக்கும், இன்னொரு 15 விநாடி முகவரிகளைக் கற்றுக்கொள்ளும். சில கணினிகள் அதற்குள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். நிர்வாக வசதி ஏதுமில்லாத சிறிய ஸ்விட்ச் ஒன்றை இடையில் இணைத்துப் பாருங்கள். கணினி அணைந்து எழுந்தாலும் பெரிய ஸ்விட்சின் போர்ட் அறுபடாது. இப்போது பூட் ஆனால் நோய் தெரிந்துவிட்டது. அந்தப் போர்ட்டில், காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பை இயக்குங்கள்.

அடுத்தது, நான் அடிக்கடி காணும் தவறு: டிஎச்சிபியில் 66, 67 ஆகிய எண்ணுள்ள விருப்பங்களில் (ஆப்ஷன்) சர்வர் பெயரையும் கோப்பின் பெயரையும் எழுதிவைப்பது. எல்லாக் கணினிகளும் ஒரே வகையாக இருக்கும்வரை இது ஓடும். பயாஸும் அதன் புதிய மாற்றான யுஇஎஃப்ஐயும் கலந்த இடத்தில் பாதிக் கணினிகளுக்குத் தவறான கோப்பு போய்ச் சேரும். யுஇஎஃப்ஐ கணினி பயாஸ் கோப்பை ஒழுங்காக இறக்கிக்கொள்ளும், ஆனால் இயக்க முடியாமல் அடுத்த பூட் சாதனத்துக்குத் தாவிவிடும். கணினி தான் எந்த வகை என்பதை 93ஆம் விருப்பத்தில் தானே சொல்லித்தான் கேட்கிறது. அதைப் பார்த்துப் பொருத்தமான கோப்பைத் தரப் பூட் சர்வருக்குத் தெரியும். ஆகவே அந்த இரண்டையும் அழித்துவிட்டு, ரூட்டரில், கணினியின் கோரிக்கையைச் சர்வருக்குக் கடத்தும் ஐபி ஹெல்பர் முகவரியாக டிஎச்சிபி சர்வரோடு பூட் சர்வரையும் சேருங்கள்.

டிஎச்சிபியும், மைக்ரோசாஃப்டின் பூட் சர்வர் சேவையான விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சேவையும் ஒரே சர்வரில் இருந்தால், பின்னதை டிஎச்சிபி பயன்படுத்தும் 67ஆம் போர்ட்டில் கேட்காதபடி அமைத்து, டிஎச்சிபியில் 60ஆம் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். பின்னாளில் சேவையை வேறு சர்வருக்கு மாற்றும்போது அந்த 60ஐ நீக்க மறந்துவிடுகிறார்கள். கணினிகள் பழைய இடத்திலேயே தட்டிக்கொண்டு நிற்கும்.

டிஎஃப்டிபிக்காக ஃபயர்வாலில் யுடிபி போர்ட் 69ஐ மட்டும் திறந்தால் போதாது. முதல் கோரிக்கைதான் அந்தப் போர்ட்டுக்கு வரும்; கோப்பு வேறொரு போர்ட்டிலிருந்து வரும்.

நிறுவல் சூழலான விண்டோஸ் பிஇ ஏறி, பின்னணிப் படம் தெரிந்து, சற்று நேரத்தில் கணினி மறுதொடக்கம் ஆகிறதென்றால் பிஎக்ஸ்இ தன் வேலையை முடித்துவிட்டது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். முகவரி இல்லையென்றால் நெட்வொர்க் டிரைவர் இல்லை என்றே முதலில் சந்தேகியுங்கள். நிறுவப்போகும் விண்டோஸில் சேர்த்த டிரைவர் இங்கே உதவாது. பூட் இமேஜில், விண்டோஸ் பிஇயின் பதிப்புக்கு ஏற்றதைச் சேர்க்க வேண்டும்.

ஈதர்நெட் போர்ட் இல்லாத லேப்டாப்களுக்கு ஒரே யுஎஸ்பி அடாப்டரை மாற்றி மாற்றிச் செருகினால், இரண்டாவது லேப்டாப்பில் பூட் நின்றுபோகலாம். அடாப்டரின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்க்கும் சர்வர் இதை ஏற்கெனவே முடித்த கணினி என்று எண்ணிக்கொள்கிறது. அந்த முகவரியைச் சர்வரின் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் கணினியை வேறு அடையாளத்தால் கண்டுகொள்ளும்.