ஜாம் இசைக்குழுவின் கச்சேரியைக் கேட்டபின் ரசிகர் குறிப்பு எழுதுவது எப்படி?

பாடல்களை மேடையிலேயே அந்தந்த நேரக் கற்பனையில் நீட்டி வாசிக்கும் ஜாம் இசைக்குழு ஒன்றின் கச்சேரி முடிந்த மறுநாள் ரசிகர்கள் எழுதுபவற்றில் பெரும்பகுதி வெறும் புகழ்மொழியாகவே நின்றுவிடுகிறது. "அபாரம்", "இதுவரை இப்படி வாசித்ததே இல்லை", "வராதவர்கள் பாவம்" என்ற அளவில் எழுதப்பட்ட குறிப்பைப் படித்து, அன்றிரவு மேடையில் என்ன நடந்தது என்று யாராலும் அறிந்துகொள்ள முடியாது. ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே நிகழ்ச்சியை வழங்கும் குழுக்களின் விஷயத்தில் இதைப் பெரிய குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜாம் குழுக்களுக்கோ ஒவ்வோர் இரவும் பாடல் வரிசை மாறும். ஒருநாள் ஆறு நிமிடத்தில் முடிந்த பாடல் இன்னொரு நாள் இருபது நிமிடம் நீண்டு, தொடங்கிய இடத்துக்குத் திரும்பாமலேயே வேறொரு பாடலுக்குள் போய்ச் சேரும். 1965 முதல் 1995 வரை இயங்கிய அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் ஏறத்தாழ 2,300 கச்சேரிகளை நடத்தியது. அவற்றில் எந்த இரவைத் தேடிக் கேட்கலாம் என்பதை இன்று நாம் அறிவது, பெரும்பாலும் அன்று அரங்கில் நின்ற ரசிகர்கள் எழுதிவைத்தவற்றாலும், ஒலிநாடாவில் பதிந்து கைமாற்றியவற்றாலும்தான். உங்கள் குறிப்பும் அந்த வரிசையில் சேரும் என்று எண்ணி எழுதுங்கள்.

அதற்காக உணர்ச்சியை அடக்கிக்கொண்டு எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெய்சிலிர்த்தது எந்த நிமிடத்தில், மேடையில் யார் செய்த எந்தக் காரியத்தால் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், எவ்வளவு ஆவேசமாக எழுதினாலும் அக்குறிப்பு பிறருக்குப் பயன்படும்.

போவதற்கு முன்

பெரும்பாலான ஜாம் குழுக்கள் இரண்டு பகுதிகளாக வாசிக்கும். நடுவில் இடைவேளை இருக்கும். இறுதியில், மேடையைவிட்டு இறங்கியபின் மீண்டும் வந்து வாசிக்கும் என்கோர் வரும். ஜாம் எனப்படும் நீண்ட கற்பனை வாசிப்புகள் இரண்டாம் பகுதியில் வருவதே வழக்கம். இவற்றோடு, அந்தக் குழுவின் முக்கியமான சில பாடல்கள் வழக்கமாக எவ்வளவு நேரம் நீளும், கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டன என்ற இரண்டையும் ஓரளவு தெரிந்துகொண்டு செல்லுங்கள். இரண்டாவது விவரம் கூட்டத்தின் நடத்தையைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' 1968இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் பதிவான அதே பாடல் 23 நிமிடம் ஓடியது. 1984 ஜூலையில் பெர்க்லியில் வாசித்த பிறகு அதை அக்குழு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடவே இல்லை. 1989 அக்டோபர் 9 அன்று வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் அரங்கில் அதன் தொடக்க இசை கேட்டவுடன் கூட்டம் எழுப்பிய முழக்கத்தை அன்றைய பதிவுகளில் இன்றும் கேட்கலாம். இடையில் கழிந்த ஆண்டுகளை அறியாத ஒருவர் அந்தத் தருணத்தைப் பற்றி எழுதினால், "கூட்டம் மிகவும் சத்தம் போட்டது" என்பதோடு நின்றுவிடுவார்.

ஆனாலும் இந்தக் கணக்கு அளவோடு இருக்கட்டும். எந்தப் பாடல் எத்தனை கச்சேரிக்குப் பின் வந்தது என்று எண்ணுவதிலேயே மூழ்கிவிடும் ரசிகர்கள் உண்டு. அவர்கள் எழுதுவதைப் படித்தால் இசை கேட்கப் போனார்களா, இருப்பு எடுக்கப் போனார்களா என்ற ஐயம் எழுகிறது. அரிய பாடல் ஒன்று தடுமாற்றத்தோடு வாசிக்கப்பட்டாலும் அரங்கம் அதிரும். அதிர்ந்ததையும் தடுமாறியதையும் தனித்தனியே எழுதுவதுதான் நேர்மை.

அரங்கில் கவனிக்க வேண்டியவை

கைபேசியில் குறித்துக்கொள்வதைவிடச் சிறு குறிப்பேடும் பென்சிலும் நல்லது. இருட்டில் ஒளிரும் திரை பக்கத்தில் நிற்பவரை உறுத்தும். பாடல் பெயரையும் அது தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள். ஒரு பாடல் நிற்காமல் அடுத்ததற்குள் போனால் இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி இடுவது இந்த ரசிகர்களிடையே நெடுநாள் வழக்கம். பெயர் தெரியாத பாடலுக்குக் காதில் விழுந்த இரண்டு மூன்று சொற்களைக் குறித்தால் போதும், பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். நின்ற இடத்தையும் மறக்காமல் எழுதுங்கள். ஒலிப்பொறியாளரின் மேசைக்கு அருகே கேட்பதும், மேடையின் ஒரு மூலையில் ஒரே கருவியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் கேட்பதும் ஒன்றல்ல. நால்வர் கொண்ட அமெரிக்க ஜாம் குழுவான ஃபிஷ் குழுவின் ரசிகர்கள் விசைப்பலகை வாசிக்கும் பேஜ் மெக்கானலின் பக்கத்தைப் 'பேஜ் பக்கம்' என்றும், பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் கார்டனின் பக்கத்தை 'மைக் பக்கம்' என்றும் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லே, எழுதியவர் எதை அதிகமாகக் கேட்டிருப்பார் என்பதைப் படிப்பவருக்கு உணர்த்திவிடும்.

ஜாம் தொடங்கியதும் குறிப்பெடுப்பதைக் குறைத்துக்கொண்டு கேட்பதைக் கூட்டுங்கள். அங்கே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, குழு இன்னும் பாடலுக்குள் இருக்கிறதா, வெளியேறிவிட்டதா என்பது. பாடலின் ஸ்வர அடுக்கும் தாளமும் கீழே அப்படியே ஓட, மேலே கிட்டாரோ விசைப்பலகையோ தனித்து விளையாடினால், ரசிகர்கள் அதை முதல் வகை ஜாம் என்பார்கள். அந்த அடித்தளமே கரைந்து, கேட்பவருக்கு இது எந்தப் பாடலிலிருந்து வந்தது என்பதே மறந்துபோகும் அளவுக்கு இசை திசைமாறினால் அது இரண்டாம் வகை. இரண்டாவதுதான் உயர்ந்தது என்ற எண்ணம் ரசிகர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லைக்குள் நின்றுகொண்டே பத்து நிமிடம் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் ஒரே மூச்சில் அவிழ்த்துவிடும் ஜாம், இலக்கின்றி அலையும் அரைமணி நேரத்தைவிடக் கடினமான வேலை.

இசை திரும்பும் இடத்தைப் பிடிப்பதற்கு முன்னணிக் கிட்டாரை மட்டும் பின்தொடர்வது போதாது. பல சமயங்களில் திருப்பம் பின்வரிசையிலிருந்து வருகிறது: டிரம்ஸ் வாசிப்பவர் வழக்கமான அடியை விட்டுவிட்டுச் சிம்பலுக்கு மாறுவார், அல்லது பேஸ் கிட்டார் பிடித்துவந்த ஆதார ஸ்வரம் இடம்பெயரும், துயரச் சாயலில் ஓடிக்கொண்டிருந்த இசை திடீரென வெளிச்சமடையும். கிட்டார் அதற்குப் பதில் சொல்லச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் யார் யாரைக் கவனித்தார்கள், யார் சட்டென்று பிடித்துக்கொண்டார், யார் பழைய வழியிலேயே சென்று பிறகு வந்து சேர்ந்தார் என்பதை எழுத முடிந்தால், உங்கள் குறிப்பு மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும். "இரண்டாம் பகுதியின் மூன்றாவது பாடல் அற்புதம்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "ஒன்பதாவது நிமிட வாக்கில் டிரம்ஸ் பாதி வேகத்துக்கு இறங்கியது, மற்ற மூவரும் தயங்கினார்கள், விசைப்பலகை மட்டும் இரண்டே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்து அந்த வேகத்தை ஏற்றுக்கொண்டது, அதன் பிறகு வந்ததெல்லாம் அந்த இரண்டு ஸ்வரங்களிலிருந்து வளர்ந்தது" என்று எழுதிப் பாருங்கள். படித்தவர் பதிவைத் தேடி அந்த ஒன்பதாவது நிமிடத்துக்கே போவார்.

விளக்குகளையும் ஒரு வரியில் சொல்லலாம். ஃபிஷ் குழுவின் ஒளியமைப்பாளர் கிறிஸ் குரோடா 1989 முதல் அக்குழுவோடு இருப்பவர். மேடையில் நடப்பதைக் கேட்டு அந்தந்த நேரத்திலேயே விளக்குகளை இயக்குகிறார் என்பதால் ரசிகர்கள் அவரை ஐந்தாவது உறுப்பினராகவே கருதுகிறார்கள். ஒலிப்பதிவில் இது எதுவும் தெரியாது. நேரில் கண்டவர்தான் சொல்ல வேண்டும்.

கூட்டத்தை எழுதுவது

"கூட்டம் ஆர்ப்பரித்தது" என்ற வாக்கியத்தைத் தடைசெய்துவிடலாம். ஆர்ப்பரிப்பு பல வகைப்படும். பாடலை அடையாளம் கண்டுகொண்டதும் எழும் சத்தம் குறுகியது, அரங்கின் ஒரு பகுதியில் தொடங்கி மற்றப் பகுதிகளுக்குப் பரவுவது. உச்சத்தில் எழும் சத்தம் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் வெடிப்பது. நீண்ட அமைதியான ஜாமின் நடுவே, யாரும் எதிர்பாராத திருப்பத்தில் எழும் மெல்லிய முணுமுணுப்பு மூன்றாவது வகை. என் மதிப்பீட்டில் மிகவும் அரியது அதுவே, கூட்டம் முழுவதும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று அது.

இவற்றுக்கு அப்பால் பழகிப்போன எதிர்வினைகளும் உண்டு. ஃபிஷ் குழுவின் 'ஸ்டாஷ்' பாடலில் குறிப்பிட்ட இடத்தில் அரங்கமே சேர்ந்து கைதட்டும். கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் 'நாட் ஃபேட் அவே' முடிந்து குழுவினர் மேடையைவிட்டு இறங்கிய பிறகும், அதன் தாளத்தைத் தட்டிக்கொண்டு வரியைப் பாடியபடியே என்கோருக்காகக் காத்திருப்பார்கள். முதல்முறை செல்பவர் இதை அன்றிரவின் அதிசயமாக எழுதிவிடக்கூடும். அதில் தவறில்லை, ஆனால் "இது வழக்கம் என்று பிறகு அறிந்தேன்" என்ற ஒரு வரி சேர்ந்தால் குறிப்பு நம்பகமாகும்.

உண்மையிலேயே அன்று பிறந்த எதிர்வினை கிடைத்தால் அதை விரிவாக எழுதத் தயங்காதீர்கள். 1997 ஆகஸ்டில் மெய்ன் மாநிலத்தின் லைம்ஸ்டோனில் நடந்த ஃபிஷ் திருவிழாவில், கிட்டார் கலைஞர் ட்ரே அனஸ்டாசியோ மேடை விளக்குகளை அணைக்கச் சொன்னார். இருட்டில் ரசிகர்கள் ஒளிரும் குச்சிகளை வானில் வீசத் தொடங்கினார்கள். குழுவினர் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். அதன்பின் குச்சி வீச்சு மற்றக் கச்சேரிகளுக்கும் பரவியது. 2013 ஜூலை 31 அன்று நெவாடாவின் லேக் டாஹோ கரையில் ஃபிஷ் வாசித்த 'ட்வீசர்' பாடல் முப்பத்தாறு நிமிடத்துக்கு மேல் நீண்டது. அதன் பிற்பகுதியில் குழு இசையைச் சட்டென்று நிறுத்தி நிறுத்தித் தொடர, அந்த இடைவெளிகளில் கூட்டம் "ஊ" என்று கூவியது. குழுவும் அதை ஏற்றுக்கொண்டு மேலும் இடைவெளி கொடுத்தது. அங்கே அது இசையின் ஒரு பகுதி. பின்னர் வேறு பாடல்களில், வேறு ஊர்களில், இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் கூவத் தொடங்கியபோது ரசிகர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இத்தகைய ஒன்றை எழுதும்போது, கூட்டம் செய்தது மேடைக்குப் போய்ச் சேர்ந்ததா, மேடை அதற்கு விடை சொன்னதா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். மெல்லிய பகுதியில் பக்கத்தில் நின்றவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அதையும் எழுதலாம், ஒரே வரியில். குறிப்பு முழுவதும் அவர்களைப் பற்றிய புலம்பலாகிவிடக் கூடாது.

பதிவைக் கேட்பதற்கு முன்னும் பின்னும்

முதல் வரைவைப் பதிவு கைக்கு வருவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். பல குழுக்கள் கச்சேரி முடிந்த சில மணி நேரத்திலேயே ஒலிப்பதிவை வெளியிட்டுவிடும் இக்காலத்தில் இது கடினம்தான். ஆனால் பதிவை ஒருமுறை கேட்டுவிட்டால், அரங்கில் நீங்கள் கேட்டது எது, பதிவில் கேட்டது எது என்று பிரிக்கவே முடியாமல் போய்விடும். வரைவு முடிந்தபின் கேளுங்கள். நிமிடக் கணக்கைச் சரிசெய்யுங்கள். பாடல் பெயர்களைத் திருத்துங்கள். உணர்ந்ததை மட்டும் திருத்தாதீர்கள். அரங்கில் மலையளவு தோன்றியது பதிவில் சாதாரணமாக ஒலித்தால், இரண்டையும் எழுதுங்கள். அந்த வேறுபாடே ஒரு செய்தி.

எந்தப் பதிவைக் கேட்டீர்கள் என்பதும் முக்கியம். ஒலி மேசையிலிருந்து நேரடியாக எடுக்கப்படும் சவுண்ட்போர்டு பதிவில் கருவிகள் துல்லியமாக இருக்கும், கூட்டம் ஏறக்குறைய மறைந்துவிடும். ரசிகர்கள் ஒலிவாங்கியை உயர்த்திப் பிடித்து எடுக்கும் பதிவில் அரங்கின் காற்றே கேட்கும். கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரில் இப்படிப் பதிவுசெய்யும் ரசிகர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. சவுண்ட்போர்டு பதிவு, ரசிகர் பதிவு இரண்டையும் கலந்து செய்வதை மேட்ரிக்ஸ் என்பார்கள். கூட்டத்தின் எதிர்வினையைச் சரிபார்க்க விரும்பினால் ரசிகர் பதிவையே தேடுங்கள்.

பதிவின் தரம் ஒரு கச்சேரியின் புகழையே தீர்மானித்துவிடும் என்பதற்கு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் அரங்கில் நடந்த கிரேட்ஃபுல் டெட் கச்சேரி நல்ல எடுத்துக்காட்டு. பெட்டி கேன்டர்-ஜாக்சன் தெளிவாகப் பதிவுசெய்த நாடா ரசிகர்களிடையே பல்கிப் பரவியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது பின்னர் இடம்பெற்றது. மறுநாள் பஃபலோவில் வாசித்ததே மேல் என்று வாதிடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. இந்தப் பட்டிமன்றத்துக்கு முடிவில்லை. "இந்தக் குழுவின் மிகச் சிறந்த இரவு" என்று மறுநாள் காலையிலேயே தீர்ப்பு எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறை சொல்வதும் ஒப்பிடுவதும்

ஒப்பீடு தேவைப்பட்டால் அருகிலுள்ள இரவுகளோடு ஒப்பிடுங்கள்; முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவோடு ஒப்பிடுவது மேடையில் வாசிப்பவர்களுக்கும் நியாயமாகாது. ஒரே அரங்கில் பல இரவுகள் தொடர்ந்து நடக்கும்போது முந்தைய இரவுகளின் பாடல் வரிசையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 2017இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஃபிஷ் 13 இரவுகள் வாசித்தது, ஒரு பாடலைக்கூடத் திரும்ப வாசிக்காமல். அத்தகைய தொடரில் ஓர் இரவின் பட்டியல் 'சுமார்' என்று தோன்றினால், எஞ்சிய இரவுகளுக்கு எவை விடப்பட்டன என்று பார்த்த பின்னரே சொல்ல வேண்டும்.

தவறுகளை எழுதலாம். வரி மறந்தது, இயற்றப்பட்ட பகுதியில் விரல் பிசகியது, ஜாம் ஒன்று விளைந்துவரும் வேளையில் யாரோ அவசரப்பட்டு அடுத்த பாடலைத் தொடங்கியது ஆகியவை எல்லாம் செய்திகளே. இவற்றில் கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் ரசிகர்கள் அதிகம் கோபப்படுகிறார்கள், நியாயமாகவே. கலைஞரின் உடல்நிலை, பழக்கவழக்கம், சொந்த வாழ்க்கை ஆகியவற்றைக் கொண்டு விளக்கம் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அரங்கின் பின்வரிசையில் நின்றவருக்கு அது தெரிய வழியில்லை.

குறிப்பின் தலைப்பில் தேதி, ஊர், அரங்கு மூன்றும் இருக்கட்டும். முழுப் பாடல் வரிசையைக் கட்டுரைக்குக் கீழே தனியாகத் தாருங்கள். பிறகு யாராவது பிழை சுட்டிக்காட்டினால் வரிசையைத் திருத்தி, திருத்திய நாளையும் அதன் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.