டயரில் சைப்பிங் போடுவது எப்படி, யாருக்கு வேண்டாம்

கனடாவின் கல்கரியில் சினூக் என்ற வெப்பக் காற்று மலையிலிருந்து அடித்தால் ஒரே மத்தியானத்தில் தெருப் பனி உருகி ஓடும், ராத்திரி அதே தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். என் பிக்கப்பில் இருப்பது மட் டெரைன் டயர். சேற்றில் கேட்கவே வேண்டாம், ஆனால் ஐஸைப் பிடிக்க அந்தப் பெரிய ரப்பர் பிளாக்குகளில் விளிம்பே போதாது. பிளாக்கின் குறுக்கே மெல்லிய கீறல்கள் போட்டு விளிம்பைக் கூட்டுவதுதான் சைப்பிங்.

கத்தியை எடுக்குமுன் எந்த டயர் என்று பாருங்கள். விண்டர் டயர் என்றால் தொடாதீர்கள். கம்பெனியே கீறித்தான் அனுப்பியிருக்கிறது, மேலே கீறினால் பிளாக் தளர்ந்துவிடும். கார்களின் ஆல் சீசன் டயருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பொருட்களைச் சோதித்து எழுதும் அமெரிக்கப் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்தபோது பனியிலும் ஐஸிலும் பிடிப்பு ஓரளவு கூடியது, ஆனால் ஈரச் சாலையிலும் காய்ந்த சாலையிலும் வண்டி நிற்கச் சில அடி கூடுதலாக ஆனது. தவிர, 7 டிகிரிக்குக் கீழே ஆல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், அதைக் கீறல் மாற்றாது.

டயரைக் கழுவி, பள்ளங்களில் சிக்கிய கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, பிளேடில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம்.

சிக்கலே ஆழத்தில்தான். பள்ளத்தின் ஆழத்தை கேஜால் அளந்து, அதில் 3 மி.மீ. கழித்து, பிளேடு அதற்குமேல் வெளியே நீளாதபடி கீறும் கருவியின் திருகை இறுக்குங்கள். அப்புறம் ஒரே பிளாக்கில் கீறி, கட்டைவிரலால் பிளந்து, ஒரு மெல்லிய அட்டையை உள்ளே விட்டுப் பாருங்கள். திருகு தளர்ந்தால் பிளேடு மெதுவாக வெளியே வரும், மேலே பார்த்தால் எல்லாக் கீறலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் சில பிளாக்குகளுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். கீறல் பள்ளத்தின் அடியைத் தாண்டினால் டயருக்குள் இருக்கும் எஃகு பெல்ட் வரை ஈரம் இறங்கலாம், அந்த டயரை நம்பி ஓட்ட முடியாது. கீறல்களுக்கு நடுவே 6 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள். சரளைச் சாலையில் ஓட்டுபவர் இன்னும் தள்ளிப் போடலாம், நெருக்கமாக இருந்தால் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும்.

சூடுபடுத்தி வெட்டும் குரூவர் எனக்குப் பிடிக்காது. அதன் வழக்கமான பிளேடு கீறாமல் ரப்பரையே தோண்டி எடுத்துவிடும், நாற்றம் வேறு. உண்மையில், கடையில் மெஷின் இருந்தால் காசு கொடுத்துவிடுவதே மேல். நான்கு டயரிலும் போடுங்கள், முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

பின்சேர்க்கை: வாரண்டி போகுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பல கம்பெனிகளில் போகும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் டயரில் எம்+எஸ் (சேறு, பனி) குறியோ மலை-பனித்துகள் குறியோ இருக்க வேண்டும், ட்ரெட் (பள்ளத்தின் ஆழம்) 3.5 மி.மீ.யாவது இருக்க வேண்டும். குறி இல்லாத டயரை எவ்வளவு கீறினாலும் அங்கே செல்லாது.