பச்சிளங்குழந்தைக்கு நைட்ரிக் ஆக்சைடு: தொடங்கும் முறையும் நிறுத்தும் முறையும்

கருவில் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகியே இருக்கும். பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அவை தளர்ந்து, இரத்தம் நுரையீரலுக்குள் பாயத் தொடங்கும். மெக்கோனியம் (குழந்தையின் முதல் மலம்) கலந்த பனிக்குட நீரை உள்ளிழுத்த குழந்தைகளிலும், கடும் கிருமித்தொற்று உள்ளவர்களிலும் இந்தத் தளர்ச்சி ஏற்படாமல் போகலாம். அப்போது வென்டிலேட்டரில் முழு ஆக்சிஜன் கொடுத்தும் குழந்தையின் உடல் நீலம் மாறாது. நைட்ரிக் ஆக்சைடு வாயு அந்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இரத்தத்தில் கலந்ததுமே ஹீமோகுளோபினுடன் சேர்ந்து செயலிழந்துவிடுவதால், உடலின் மற்ற இரத்த அழுத்தத்தைப் பொதுவாகக் குறைப்பதில்லை. (மயக்க மருந்தான நைட்ரஸ் ஆக்சைடு வேறு, சிலிண்டரைப் பொருத்துமுன் பெயரை இருமுறை படியுங்கள்.) அமெரிக்காவில் 1999 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது, 34 வாரங்களுக்கு மேல் கருவில் வளர்ந்து பிறந்த குழந்தைகளுக்காக.

தொடங்குமுன் எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுத்துவிட வேண்டும். இடப்பக்க இதயம் வளராத குழந்தை போல, உடலுக்கான இரத்த ஓட்டமே வலமிருந்து இடமாகப் பாயும் இரத்தத்தை நம்பியிருக்கும் குழந்தைக்கு இந்த வாயு ஆபத்தானது. வலது கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் செறிவைப் பாருங்கள். கையைவிடக் காலில் 10 சதவீதம் குறைவாக இருந்தால் நுரையீரல் அழுத்தம் உயர்ந்திருப்பதாக ஐயப்படலாம், ஆனால் வேறுபாடு இல்லை என்பதால் நோயில்லை என்று முடிவுகட்ட முடியாது. அடுத்து ஆக்சிஜன் குறியீட்டைக் கணக்கிடுங்கள்: சராசரிக் காற்றுவழி அழுத்தத்தை ஆக்சிஜன் சதவீதத்தால் பெருக்கி, தமனி இரத்த ஆக்சிஜன் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 16 அழுத்தம், 100 சதவீத ஆக்சிஜன், இரத்தத்தில் 50 என்றால் விடை 32. குறியீடு 25-ஐத் தொட்டால் தொடங்குவது வழக்கம். நுரையீரல் சரியாக விரியாத குழந்தையிடம் வாயு போய்ச் சேராது என்பதால், எக்ஸ்ரே பார்த்து, தேவையெனில் சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் காற்றறைகள் சுருங்காமல் காக்கும் மருந்து) கொடுத்து, முதலில் நுரையீரலை விரிக்க வேண்டும்.

ஆரம்ப அளவு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு). அதற்கு மேல் ஏற்றுவதால் பலன் கூடுவதில்லை, நச்சுதான் கூடும். வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயுவாக மாறியிருக்கும் என்பதால், குழந்தையோடு இணைக்குமுன் குழாயையும், கையால் அழுத்தும் பையையும் ஓடவிட்டுச் சுத்தப்படுத்துங்கள். அந்தப் பையும் மாற்றுச் சிலிண்டரும் படுக்கையருகே எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பலன் கிடைப்பதானால் பெரும்பாலும் அரை மணி நேரத்திலேயே தெரியும். வாயுவைத் தொடங்கிய சில மணி நேரத்திலும், பிறகு நாள்தோறும் மெத்ஹீமோகுளோபினை (ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்) அளந்து, 5 சதவீதத்தைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது நிறுத்தும் கட்டத்தைத்தான். வெளியிலிருந்து வாயு கிடைக்கும்போது குழந்தையின் உடல் தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்வதால், திடீரென நிறுத்தினால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் முன்பைவிடக் கடுமையாக இறுகிவிடும். வாயுவால் எந்தப் பலனும் பெறாத குழந்தைக்கும் இது நேரலாம். ஆகவே ஆக்சிஜனை முதலில் 60 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, வாயுவை 20-லிருந்து 10-க்கும், பின் 5-க்கும் சில மணி நேர இடைவெளியில் குறையுங்கள். 5-க்குக் கீழே ஒவ்வொரு பிபிஎம்மாகத்தான் இறங்க வேண்டும். 20-லிருந்து 5 வரை எளிதாக வந்த குழந்தை கடைசி 1 பிபிஎம்மில் தடுமாறுவது அரிதன்று, அங்கே அவசரப்படாதீர்கள். முற்றிலும் நிறுத்தும்போது ஆக்சிஜனை 10 முதல் 20 சதவீதம் கூட்டி வைத்து, செறிவு அதற்கும் மீறிச் சரிந்தால் தயங்காமல் முந்தைய அளவுக்குத் திரும்பி, சில மணி நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள். செறிவு நிலைத்து நிற்பதை உறுதிசெய்யும் வரை கருவியை அந்தப் படுக்கையிலிருந்து நகர்த்தக் கூடாது.