வட்டக் கீறல் வாளியிலிருந்து வந்தது

என் கறுப்பு நிறக் காரின் பானெட்டில், வெயில் படும்போதெல்லாம் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரிந்தன. தானியங்கி கார் வாஷில் சுழலும் தூரிகைகள்தான் காரணம் என்று முடிவு செய்து, அங்கே போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் ஸ்பாஞ்சும் ஒரு வாளியுமாகக் கையால் கழுவினேன். கீறல்கள் கூடின.

ஷாம்பு மாற்றினேன், பயனில்லை. மெழுகு பூசினேன். சில வாரங்களுக்கு மறைந்து, மீண்டும் தெரிந்தன. வட்டமாகத் தேய்ப்பதால்தான் வட்டக் கீறல் என்று நினைத்து நேர்கோட்டில் தேய்த்தும் பார்த்தேன்.

ஒரு நாள் இருட்டில் டார்ச் அடித்தபோதுதான் புரிந்தது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்ந்தது! கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. அப்படியானால் தேய்க்கும் திசை காரணமில்லை. கார் கழுவப் பயன்படுத்திய வாளியை மெதுவாகக் கவிழ்த்தேன். அடியில் நுண்மணல் படிந்திருந்தது. அதே மணலைத்தான் ஸ்பாஞ்சில் எடுத்துத் திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறேன்.

இப்போது முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குகிறேன். ஷாம்புக்கு ஒரு வாளி, தேய்க்கும் கையுறையை அலச ஒரு வாளி. மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழாகக் கழுவுகிறேன். சக்கரங்களுக்குத் தனித் துணி. பழைய கீறல்களை ஒருமுறை பாலிஷ் போட்டு நீக்கினேன். அது மேற்பூச்சையே சற்றுத் தேய்த்தெடுக்கும் வேலை என்பதால் அடிக்கடி செய்யக் கூடாது. ஆறு மாதமாகிறது, டார்ச் வெளிச்சத்திலும் பானெட் தெளிவாக இருக்கிறது.