டார்கெட் மட்டும் பார்த்தால் போதுமா?

அடுத்த டீம் லீடரைத் தேர்ந்தெடுக்கும்போது டார்கெட் கணக்கைப் பாருங்கள், சரி. கூடவே குழுவில் உள்ளவர்களிடம் தனித்தனியாக ஒன்று கேளுங்கள்: "வேலையில் தப்பு நடந்துவிட்டால் முதலில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். அது டார்கெட்டில் முதலிடம் பிடித்தவரின் பெயராக இருக்க வேண்டியதில்லை.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! அங்கே தவறைப் பயமில்லாமல் வெளியே சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம்.

கெட்டிக்காரர், ஆனால் நம்ப முடியாதவர் என்றால் கதையே வேறு. தகவலைக் கமுக்கமாக வைத்துக்கொள்வார், அடுத்தவர் வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அப்புறம் என்ன, அவருக்கு அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் மற்றவர்கள் மேலாளரையும் சிசியில் சேர்க்க ஆரம்பிப்பார்கள். இந்த சிசி பட்டியலைக் கவனியுங்கள். எந்த சர்வேயையும்விட சீக்கிரமாகக் காட்டிக்கொடுக்கும் என்பேன். பட்டியல் நீள்கிறதென்றால், அடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில் 'யாருக்கு உதவினார், எதைப் பகிர்ந்தார்' என்ற வரியைச் சேருங்கள். அதற்கு மதிப்பெண் போடுவது சக ஊழியர்களாக இருக்கட்டும்.